எட்டாம் ஏரியின் கதவு

நீர் நிறைக. நெல் விளைக. குடி தழைக்க.

ஏழு ஏரிகளின் கரைகளையும் தம் தோள்களால் தாங்குபவரும், கதிர்மங்கை மாநகரின் நெல்மணி அரியணையில் வீற்றிருப்பவரும், மதகு திறந்தால் வயலும் வாய் திறந்தால் அவையும் குளிரச் செய்பவருமான ஏழேரிக் காவலர் தத்தமாராயர் திருவடிகளுக்கு, வடவெல்லை வெண்கோட்டு மலைநாட்டில், பனிமடு என்னும் பெருநீர்நிலையின் மேற்குக் கோடியிலுள்ள மடைவாய்ப் பாளையத்திலிருந்து, அந்நாட்டின் மண்டல நாயகமாக அனுப்பப்பட்ட அமைச்சர் கோடன் ஆதனார் விடுக்கும் ஓலை. அரசியாரும் இளங்கோக்களும் நீடு வாழ்க. யானையும் குதிரையும் நோயற்று இருக்க. ஏழு ஏரிகளிலும் மீன் துள்ளுக. இங்கே அமைச்சர் உயிரோடு இருக்கிறார். நலம் என்று எழுதலாமா என்று கேட்டதற்கு, உயிரோடு என்று எழுதினால் போதும் என்றார்.

சித்திரை முழுநிலவு நாளில் எட்டாம் ஏரியின் கதவு இறங்கியதாக அறிவிக்கும் மலைத்தீ ஏன் எரியவில்லை, அதற்குத் தக்க விடை வராவிடில் கைவிலங்கு வரும் என்று அரசர் விடுத்த திருமுகம் வந்து சேர்ந்தது. தலைமேல் வைத்து வணங்கிப் படித்தோம். அதற்கு விடையே இவ்வோலை.

இதைக் கீறுவது அமைச்சரின் ஓலை எழுத்தன் எயினன் கை. முறைப்படி அமைச்சர் சொல்ல எயினன் எழுத வேண்டும். ஆனால் அமைச்சர் சொல்லத் தொடங்கி, முன் விடுத்த ஓலைகளில் தெரிவித்தபடி என்ற இடம் வந்ததும் நின்றுவிடுகிறார். அந்த முன் ஓலைகள் நினைவுக்கு வந்துவிட்டால் அவருக்குப் பேச்சு ஓடுவதில்லை. இப்படிச் சில ஓலைகள் வீணான பிறகு, நடந்ததையெல்லாம் உடனிருந்து பார்த்தவன் நீ, நீயே எழுது, பூசி மெழுகாதே, என் புகழையும் பாடாதே என்று சொல்லிவிட்டுக் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டார். ஆகவே அமைச்சரின் ஓலையில் அமைச்சரைப் பற்றி இன்னொருவன் எழுதும் இந்த முறைகேட்டை அரசர் பொறுத்தருள்க. இவ்வூரின் வறண்ட குளிர்காற்றில் பனையோலை அப்பளம்போல் நொறுங்குகிறது. எழுத்து கோணினால் அதையும் பொறுத்தருள்க.

பனிமடு எப்படிப்பட்டது என்று அமைச்சர் இங்கு வந்த ஆண்டிலேயே விரிவாக எழுதி அனுப்பினார். அந்த ஓலைக்கட்டு அரண்மனையில் எந்தப் பரணில் கிடக்கிறதோ தெரியாது. இன்னொரு முறை எழுதுவதில் நமக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

கிழக்கிலிருந்து மேற்காக நீண்டு கிடக்கும் நீர் அது. கீழைக்கோடியில் விடியலில் படகேறினால், காற்று ஒத்துழைத்தால், மறுநாள் பொழுது சாய்கையில் மடைவாயை அடையலாம். ஒத்துழைக்காவிட்டால் வழியில் படகோட்டியின் வீட்டில் தங்கி அவன் மாமியாரைப் பற்றிய புலம்பலைக் கேட்கலாம். தென்கரையில் மலை செங்குத்தாக நீருக்குள் இறங்குகிறது. அங்கே கல்லைக் கட்டிக் கயிற்றை விட்டால், கயிறு தீர்ந்துபோகுமே அன்றி ஆழம் தீர்வதில்லை. வடகரையோ தாழ்ந்த கரை. சேறும் நாணலும் வாற்கோதுமை வயலுமாகத் தட்டையாகப் பரந்து கிடக்கிறது. நடுவே நீருக்கடியில் ஒரு மலைமுதுகு குறுக்காகப் படுத்திருக்கிறது. அதன் உச்சி மட்டும் ஒரு தீவாகத் தலைகாட்டுகிறது. அத்தீவில் நாரைகளும் ஒரு துறவியும் வாழ்கிறார்கள். அமைச்சர் அறிந்தவரையில் இரு தரப்பும் பேசிக்கொள்வதில்லை.

மடுவுக்குள் வரும் ஆறுகள் மூன்று. மூன்றும் பனிமலையில் பிறப்பவை. பெரியது சாம்பலாறு. உறைபனி மலையை உரசி அரைத்த மாவைக் கரைத்துக்கொண்டு அது கழுநீர் நிறத்தில் வருகிறது. வந்தும் மடுவின் நீல நீரோடு உடனே கலந்துவிடுவதில்லை. குளிர்ந்து கனத்த நீராகையால் முகத்துவாரத்திலேயே அடியில் முங்கிப் போய்விடுகிறது. மேலே நீலத்துக்கும் சாம்பலுக்கும் நடுவே ஒரு கோடு மட்டும் தெரிகிறது. அந்தக் கோட்டைப் படகிலிருந்து பார்த்த அன்று அமைச்சர், ஒரு நாட்டின் எல்லையைக்கூட இத்தனை தெளிவாக எவரும் வரைந்ததில்லை என்று வியந்தார். அது வந்த புதிது. அவருக்கு அப்போது வியக்கத் தெம்பு இருந்தது. வெளியேறும் வழியோ ஒன்றே. மேற்கில் இரு பாறைகளின் இடுக்கான மடைவாயில் புகுந்து, வெள்ளிலையாறு என்று பெயர் பெற்று, நம் நாட்டைத் தொடாமல் அயல்நாட்டுக்குப் போய்விடுகிறது.

இனி எழுதப்போவதே முதன்மையானது. நம் ஏழு ஏரிகளும் ஐப்பசி மழையில் நிறைந்து பங்குனியில் தரை காட்டுகின்றன. பனிமடுவுக்கு இந்தக் கணக்கு தலைகீழ். குளிர்காலத்தில் மலைமேல் விழுவதெல்லாம் பனியாக உறைந்து அங்கேயே நின்றுவிடுகிறது. ஆறுகள் மெலிந்துபோகின்றன. மடு வற்றுகிறது, மாசி பங்குனியில் வடகரை நெடுகச் சேற்றுவெளி திறந்து கிடக்கிறது. சித்திரையில் வெயில் ஏற ஏற மேலே பனி உருகுகிறது. வைகாசியில் நீர் வளர்கிறது. ஆனியில், வானத்தில் ஒரு மேகத்துணுக்கும் இல்லாத பட்டப்பகலில், வெள்ளம் நிற்கிறது.

இதைப் படித்த ஏரி வாரியத்துப் பெருமக்கள், ஏரிக்கரையின் நீளம் எத்தனை கோல் என்று கேட்டு எழுதினார்கள். கட்டிய கரை ஏதும் இல்லை, மலைகளே கரை என்று அமைச்சர் விடை விடுத்தார். கரை கட்டாமல் ஏரியை விட்டுவைத்தது கடமை தவறியதாகும், காரணம் கூறுக என்று அடுத்த ஓலை வந்தது. மலைகளை யாரும் கட்ட வேண்டியதில்லை என்று மிகவும் பணிந்து எழுதினார். அப்படியானால் அந்த மலைகளைப் பழுது பார்க்கும் பொறுப்பு எந்த ஊரைச் சேர்ந்தது என்று கேள்வி வந்தது. அன்று அமைச்சர் சிரித்தார். பெருமக்களை நகையாடிய குற்றம் அவரைச் சேர்ந்தது. கூடச் சிரித்த குற்றம் எயினனைச் சேர்ந்தது.

அவர்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. சமவெளியில் பிறந்தவர் எவருக்கும் நீர் கிடந்தால் அது ஏரிதான். அமைச்சரே வந்த முதல் பங்குனியில், ஏரி அதிகாரிகள் கோடையில் ஏரித் தரையில் கூடாரம் அடிக்கும் நம் நாட்டு வழக்கப்படி, நாணல்வாய் என்னும் வடகரைச் சிற்றூருக்கு முன்னிருந்த சேற்றுவெளியில் பாளையம் இறங்கினார். கத்தரி நாற்றும் நட்டார். அவ்வூரின் முதல்குடியான பொறையன் வந்து பார்த்து, "அங்கயா ஐயா தங்கப் போறீக?" என்று மட்டும் கேட்டான். ஆம் என்றதும், "சரி, உங்க விருப்பம்" என்று போய்விட்டான். வைகாசியில் கத்தரிப் பூவெடுத்த வேளையில், மழை ஒரு துளியும் இல்லாமல், நீர் சத்தமின்றிப் பாத்திக்குள் வந்தது. மேலே எங்கோ ஏரி உடைந்துவிட்டது என்று அமைச்சர் குதிரைவீரனை அனுப்பினார். அவன் மூன்று ஆறுகளையும் பார்த்துவிட்டு வந்து, உடைவதற்கு மேலே எதுவும் இல்லை, வெயில்தான் அடிக்கிறது என்றான். பொறையனை அழைத்து, அறிந்தும் ஏன் எச்சரிக்கவில்லை என்று அமைச்சர் கடிந்தார். "கேட்டேனே ஐயா, அங்கயா தங்கப் போறீகன்னு" என்றான் அவன். அவனோடு பேசி யாரும் வென்றதில்லை.

அந்த ஆனியிலேயே அமைச்சர் நாணல்வாயின் நிலையையும் கண்டறிந்தார். ஊர் நீர்முகத்தில் சற்றே உயர்ந்த மேட்டில் இருக்கிறது. ஊருக்குப் பின்னால் நிலம் மறுபடியும் தாழ்ந்து நாணற்காடாகிறது. நீர் ஏறும்போது முதலில் ஊருக்கு முன்னால் வருவதில்லை. பக்கவாட்டில் புகுந்து பின்னால் நிறைகிறது. ஊர் தீவாகிறது. வைகாசியிலேயே உடல்வலு உள்ளவர்கள் எல்லாரும் மாடுகளை ஓட்டிக்கொண்டு மேலே புல்வெளிகளுக்குப் போய்விடுகிறார்கள். ஊரில் எஞ்சுபவர்கள் நடக்கமாட்டாதவர்களும் பிள்ளை பெற்றவர்களும் பிள்ளைகளுமே. மடைவாய் முற்றும் திறந்திருக்கும் ஆண்டிலேயே நீர் அவர்கள் வாசற்படி வரை வந்து நிற்கிறது. வடகரையில் இப்படி ஊர்கள் இன்னும் பல இருக்கின்றன.

இவ்வளவும் எழுதப்பட்டது. எழுதப்பட்ட பிறகுதான் மடைவாயில் கதவு அமைக்குமாறு கட்டளை வந்தது. அயல்நாட்டுக்கு வீணே போகும் நீரை மறிக்க வேண்டும் என்ற எண்ணத்தை அமைச்சர் பழிக்கவில்லை. தென்கரை வணிகரைக் கொண்டு தேவதாரு மரத்தில் நல்ல கதவாகவே அமைத்துக் கொடுத்தார். கார்த்திகையில் இறக்கிப் பங்குனியில் ஏற்றினால் வற்றும் காலத்தில் நீர் நிற்கும், படகும் ஓடும், எவருக்கும் கேடில்லை என்று வழியும் சொன்னார். அதற்கு விடையே வரவில்லை.

வந்தது வேறொன்று. நம் நாட்டில் அறுவடை முடிந்து ஏரிகள் வெறுந்தரையாகக் கிடக்கும் சித்திரை முழுநிலவில் ஏழு ஏரிகளின் மதகுக் கதவுகளையும் ஒரே வேளையில் இறக்கிக் கதவிறக்கு விழா கொண்டாடுவதும், ஐப்பசியில் அவற்றை ஏற்றுவதும் பழைய வழக்கம். நீரே இல்லாத ஏரியில் கதவு இறங்கினால் யாருக்கும் ஒன்றும் ஆவதில்லை. குழந்தைகளுக்குச் சர்க்கரைப் பொங்கல் கிடைக்கிறது. இவ்வாண்டு பனிமடுவை எட்டாம் ஏரியாகச் சேர்த்து, அதன் கதவையும் அதே வேளையில் இறக்கி, மலைமேல் தீ ஏற்ற வேண்டும். அத்தீயைக் கண்டு அடுத்த மலை, அதைக் கண்டு அடுத்தது என்று தலைநகர் வரை தீ ஓடி வந்ததும் அரசர் எட்டேரிக் காவலர் என்ற பட்டம் சூடுவார் என்று திருமுகம் கூறியது. இறுதியில், கதவை இறக்கித் தீயை ஏற்றியதும் கோடன் ஆதனார் பணியிலிருந்து விடுபட்டு வீடு திரும்பலாம் என்றும் இருந்தது.

அந்தக் கடைசி வரியை அமைச்சர் எத்தனை முறை படித்தார் என்று எயினன் எண்ணவில்லை. அவர் வீட்டை விட்டு வந்து ஆண்டுகள் பல ஆகின்றன. இங்கே அவருக்கு மூட்டு வீங்குகிறது, பல் ஆடுகிறது, சோறு வேகமாட்டேன் என்கிறது. வெந்நீர் போலிருக்கும் கதிர்மங்கை ஆற்றில் ஒரு முறை கழுத்தளவு இறங்கி நிற்க வேண்டும் என்பதைத் தவிர வேறு எதையும் அவர் வேண்டி எயினன் கேட்டதில்லை.

திருமுகத்தைக் கொண்டுவந்த பரிவாரத்தோடு அமைச்சரின் இல்லக்கிழத்தி கொற்றியாரும் சிவிகையேறி வந்துவிட்டார். கணவரை அழைத்துப்போக ஆளை அனுப்பினால் சாக்குப்போக்குச் சொல்லித் திருப்பிவிடுவார் என்று தாமே கிளம்பினாராம். அவர் மூன்றாம் ஏரி வாரியத் தலைவரின் மகள். பால்பல் விழும் முன்பே மதகைத் தெரிந்துகொண்டவர். வந்தது பங்குனி. மடு வற்றிக் கிடந்தது. சேற்றுவெளியில் நாரை மேய்வதை நெடுநேரம் பார்த்துவிட்டு அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறோம்: "இதுக்கா இத்தனை வருஷம்? எங்கப்பா ஏரியில மாசியிலகூட இதைவிடத் தண்ணி கிடக்கும். கதவை இறக்குங்க, கிளம்புவோம்."

அமைச்சர் ஆனி மாதத்தைப் பற்றி எடுத்துச் சொன்னார். கொற்றியார் வெயிலில் நிறையும் ஏரியை எங்கும் கேட்டதில்லை என்றார். பனி உருகுவதைச் சொன்னார். அம்மையார் மலைமேலிருந்த வெண்மையைப் பார்த்து, அதெல்லாம் உருகினாலும் ஒரு குடம் வருமா என்றார். தம் மனைவிக்கே விளங்க வைக்க முடியாததை அரசவைக்கு ஓலையில் விளங்க வைக்கப் பார்த்தோமே என்று அன்று அமைச்சர் சொன்னார். அவர் சோர்ந்துவிட்டார் என்பதை எயினன் அன்றுதான் முதலில் கண்டான்.

முழுநிலவு நாள் வந்தது. கதவுக்கு மஞ்சள் பூசி மாலை சாத்தினார்கள். தென்கரை வணிகர் பட்டுடுத்தி வந்தனர். நீர் உயர்ந்தால் அவர்கள் துறைக்கு நல்லது, அவர்கள் வீடுகள் மலைமேல் இருக்கின்றன. பூசகர் ஓடும் நீரில் அரிசி தூவினார். பறை முழங்கியது. சங்கிலி பிடிக்கும் ஆட்கள் அமைச்சர் முகத்தையே பார்த்தபடி நின்றார்கள். அவர் கையில் தீப்பந்தம் இருந்தது. கதவு இறங்கியதும் பாறைமேல் ஏறி விறகுக் குவியலில் அதை வைக்க வேண்டும். கதிரவன் மேற்கே சாயும் பொழுது அது. அரசர் முதலாம் ஏரிக்கரையில் மலைகளை நோக்கி நிற்பார் என்பது எல்லார் மனத்திலும் இருந்தது.

அமைச்சர் கட்டளை இடவில்லை.

பறை ஓய்ந்து, பிறகு மறுபடியும் முழங்கி, பிறகு முழுவதும் நின்றது. கொற்றியார் கணவரின் பக்கத்தில் வந்து, பிறர் கேளாதபடி, எயினன் மட்டும் கேட்கும்படி சொன்னார்: "சரி, கதவை விட்டுடுங்க. உங்களுக்கு மனசில்லை, விட்டுடுங்க. தீயை மட்டும் ஏத்துங்க. அங்கேயிருந்து யாரு எட்டிப் பார்க்கப் போறாங்க? ராசாவுக்குப் பட்டம் ஆச்சு, இந்த ஊருக்குள்ள தண்ணி புகாதுன்னும் ஆச்சு. நாமளும் போயிடலாம். வாங்க."

இதில் குற்றம் காண இடமில்லை. எல்லாருக்கும் எல்லாம் கிடைத்துவிடும் வழி அது. உண்மையை மறைக்காமல் எழுதச் சொன்னதால் எழுதுகிறோம்: அமைச்சர் பாறையை நோக்கி நடந்தார். பாதி வழி ஏறிவிட்டார். எழுதுகிற இந்தக் கையும் அவர் ஏறிவிட வேண்டும் என்றே விரும்பியது. எயினனுக்கும் கதிர்மங்கையில் வீடு இருக்கிறது. பாதியில் நின்று அமைச்சர் கீழே நாணல்வாய்ப் பக்கம் பார்த்தார். அங்கே ஒன்றும் நடந்துகொண்டிருக்கவில்லை. புகை எழும்பிற்று, யாரோ அடுப்பு மூட்டியிருந்தார்கள்.

திரும்பி இறங்கி வந்து அவர் கூறியது இது: இவ்வாண்டு தீயை ஏற்றினால், பனிமடுவின் கதவு சித்திரையில் இறங்கியது, எவருக்கும் கேடு விளையவில்லை என்று ஏரி வாரியத்து ஏட்டில் ஏறிவிடும். அடுத்த ஆண்டு இங்கு வருபவன் அதைப் படித்து நம்புவான். நல்லவனாகவும் இருப்பான். மனச்சான்றோடு கதவை இறக்கிவிட்டு, சர்க்கரைப் பொங்கல் உண்டு, படுத்து உறங்குவான். ஆகவே இன்று வைக்கும் பொய்த்தீயும் ஊரை மூழ்கடிக்கும் வெள்ளமேயாகும், ஓராண்டு தாமதித்து வருகிறது என்பதே வேறுபாடு. இவ்வாறு கூறி, பந்தத்தை மடைவாய் நீரில் போட்டார். அது சுழன்று கதவின் கீழாக அயல்நாட்டுக்குப் போயிற்று.

வணிகர் கோபித்துக்கொண்டு பட்டோடு படகேறினர். அவர்களுடைய ஓலை இதற்கு முன்பே அரசரை அடைந்திருக்கும். அதில் எழுதியிருப்பது பெரும்பாலும் உண்மையே. அமைச்சர் கட்டளையை மீறினார். அவர் மறுக்கவில்லை.

கொற்றியார் அதன்பின் கணவரோடு பேசவில்லை. சோறு போட்டார், கம்பளி மடித்தார். சில நாள் கழித்து எயினனிடம் பேசுவதுபோல அமைச்சர் காதில் விழும்படி சொன்னார்: "நான் அந்த நாணல்வாய்க்கே போய் இருக்கப் போறேன். ஆனி வரட்டும். தண்ணி வரலைன்னா உங்க ஐயா மூஞ்சியில இனிமே முழிக்கமாட்டேன்." சொன்னபடியே போய், புதிதாகப் பிள்ளை பெற்ற சேந்தி என்பவள் வீட்டில் தங்கினார். அவள் கணவன் மாடுகளோடு மேலே போயிருந்தான். அமைச்சர் தடுக்கவில்லை. தடுக்கத் தெம்பில்லை என்பது ஒன்று. தம் கண்ணால் பார்க்கக் கிளம்பிய முதல் ஆள் அந்த அம்மையார்தான் என்பது இன்னொன்று.

வைகாசி கழிந்தது. மழை இல்லை. நல்ல வெயில், துணி காய்ந்தது. நீர் நாள்தோறும் ஏறிற்று. ஆனி பிறந்து சில நாளில், நாணற்காடு நிறைந்துவிட்டது, ஊரிலிருந்து நடந்து வெளியேற வழியில்லை என்று செய்தி வந்தது. அது ஆண்டுதோறும் நடப்பது; பொறையனைக் கேட்டால் அது அப்படித்தான் என்பான். ஆனால் அமைச்சர் உடனே படகெடுத்துப் போனார். எயினனும் உடன் போனான்.

கொற்றியார் சேந்தி வீட்டு வாசலில், கணுக்கால் நீரில், சேலையைத் தூக்கிச் செருகியபடி, இடுப்பில் சேந்தியின் குழந்தையோடு நின்றார். படகைக் கண்டதும் அவர் கேட்டது: "மழையே இல்லீங்களே. ஒரு துளிகூட இல்லீங்களே. இது எங்கேயிருந்து வருதுங்க?" அமைச்சர் மலையைக் காட்டினார். பங்குனியில் வெளுத்திருந்த மலை பாதிக்குமேல் கறுத்திருந்தது. அம்மையார் அதைப் பார்த்தார். பிறகு மடைவாய்க் கதவு திறந்துதானே இருக்கிறது என்று கேட்டார். முழுவதும் திறந்திருக்கிறது என்றார் அமைச்சர்.  அம்மையார் குழந்தையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஏரி வாரியத் தலைவரின் மகளுக்கு மீதிக் கணக்கை யாரும் சொல்ல வேண்டியதில்லை.

படகில் உட்கார்ந்து பாதித் தொலைவு வந்த பிறகுதான் அவர் பேசினார். அன்று தீயை மட்டும் ஏற்றச் சொன்னது தம் தவறு என்றார். பிறகு கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு, "எழுதி எழுதி என்னத்தைக் கண்டீங்க? வந்து பார்க்கச் சொல்லுங்க" என்றார். இத்தனை ஆண்டுகளில் அமைச்சருக்குக் கிடைத்த அறிவுரைகளில் அதுவே சிறந்தது என்று எயினன் கருதுகிறான். அமைச்சரும் அவ்வாறே கருதியதால் இவ்வோலையின் மீதி எழுதப்படுகிறது.

அமைச்சர் மன்னிப்பு வேண்டவில்லை. கட்டளையை மீறியவருக்கு மன்னிப்பு அளித்தால் கட்டளைக்கு மதிப்பிராது என்பதை அவர் அறிவார். வீடு திரும்பும் இசைவு இனி இல்லை என்பதையும் அறிவார். கொற்றியார் கதிர்மங்கைக்குத் தனியே திரும்பப்போவதில்லை என்று தெரிவித்து, சிவிகை தூக்குவோரை அனுப்பிவிட்டார். மண்டல நாயகத்தின் முத்திரை மோதிரம் இவ்வோலையோடு நூலில் கட்டி அனுப்பப்படுகிறது. மோதிரம் கைவிட்டுப் போவதால் இவ்வோலைக்கு முத்திரை இல்லை. அமைச்சர் தம் கையால் கீறிய கோடு ஒன்றே அடையாளம்.

மோதிரத்தைக் கழற்றும் முன் அமைச்சர் தம் பதவியைக் கொண்டு இட்ட கடைசிக் கட்டளை வருமாறு. இனி இங்கு வரும் மண்டல நாயகம் எவராயினும், ஓர் ஆனி மாதம் முழுவதும் நாணல்வாயில் தங்கிய பிறகே மடைவாய்க் கதவின் சங்கிலியைத் தொடுக. இதை மடைவாய்ப் பாறையிலும் வெட்டுவித்தாயிற்று. தலைநகரில் ஓலையைத் தொலைப்பதுபோல் பாறையைத் தொலைக்க முடியாது.

அரசரிடம் வேண்டுவது ஒன்று. கைவிலங்கோடு வருவோரைத் தாமதிக்காமல் இன்றே அனுப்புக. ஆனி முடிவதற்குள் அவர்கள் வந்து சேர்க. தென்கரை வழி சுருக்கமானது என்று வணிகர் சொல்வார்கள். அவ்வழி வேண்டாம், வடகரை வழியே வருக. நாணல்வாயை நெருங்கும்போது குதிரைகள் முழங்காலளவு நீரில் நின்றுவிடும்; அங்கே இறங்குக. மழை பெய்ததா என்று ஊராரைக் கேட்க. பிறகு படகேறி மடைவாய்க்கு வருக. கதவு ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று ஒவ்வொருவரும் தம் கண்ணால் பார்க்க. கோடன் ஆதனார் கதவருகேதான் இருப்பார். எங்கும் போகமாட்டார், நடக்கவும் அவரால் அதிகம் முடியாது. பார்த்த பின்னும் அவரைக் கட்ட மனம் வந்தால், கட்டுக.

ஏழேரிக் காவலர் வாழ்க. அவர் குடிகளில் நாணல்வாயாரும் உள்ளனர், அவர்களும் வாழ்க.

அமைச்சர் ஆணையால் இது எயினன் எழுத்து.